ரிவர்ஸ் விழாத ஊர்

ரிவர்ஸ் போடும்போது ஓவர்டிரைவ் கழலவில்லை. அதனால் மட்டைப்பாளையத்தில் ஒன்றரை மாதத்துக்கு மேல் எதுவும் பின்னால் போகவில்லை. தப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிட்டேன். நடுவில் யாரும் கேட்க வேண்டாம்.

வண்டி மாட்டு டாக்டர் நஞ்சப்பனுடையது. ஐம்பத்து மூணாம் வருஷத்து இங்கிலீஷ் கார், பாசிப் பச்சை, நாலு கியர். வால்பாறையில் ஒரு எஸ்டேட் பங்களாவில் கோழி அடைந்து கிடந்ததை, அவர் ரிட்டயர் ஆன வருஷம் வாங்கி வந்தார். என் ரிப்பேர் ஷெட்டில் வைத்து நான்தான் எழுப்பிக் கொடுத்தேன். நன்றாகத்தான் ஓடியது. உடுமலை ரோட்டில் நாற்பத்தைந்து மைலைத் தொட்டால் மட்டும் என்ஜின் கத்தும்.

"அது வலியில கத்துது மேஸ்திரி" என்றார் டாக்டர். "முப்பத்தஞ்சு வருஷம் மாட்டுக் கத்தல் கேட்டவன் நான். பசிக்குக் கத்தறது வேற, இது வேற. கேட்டுக்கிட்டு ஸ்டியரிங்கப் புடிக்க முடியல."

"ஓவர்டிரைவ் போட்டா அடங்கும்" என்றேன்.

ஓவர்டிரைவ் என்றால் பெரிய மந்திரம் இல்லை. நாலாவது கியருக்கும் மேலே ஒரு கியர். வண்டி அதே வேகத்தில் போகும், என்ஜின் நிதானமாகச் சுற்றும். உள்ளே உருளைகள் வைத்த ஒரு வளையம் இருக்கிறது. முன்னால் சுற்ற விடும், பின்னால் சுற்ற விடாது, ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு மாதிரி. ஓவர்டிரைவ் ஓடும்போது ரிவர்ஸ் போட்டால் அந்தக் கதவை உடைக்கிறோம் என்று அர்த்தம். அப்படி ஆகாமல் இருக்க ஒரு சின்ன சுவிட்ச் கொடுப்பார்கள். ரிவர்ஸ் விழுந்த உடனே அது ஓவர்டிரைவைத் தானாகக் கழற்றிவிடும். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் சாமான் கிடைத்தது. கியர்பாக்ஸை இறக்கி, அதன் வாலை வெட்டி, ஓவர்டிரைவை அதன் பின்னால் கோர்த்து, பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டை அஞ்சு அங்குலம் குறைத்து, குறைத்ததை மறுபடி நேர் பார்த்து ஒட்டி, டாக்டர் காலடித் தகரத்தைக் கிழித்து மேடு கட்டி, தாங்குவதற்கு ஒரு பட்டை அடித்து, ஒயர் இழுத்து, எண்ணெய் ஊற்றி, பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி ஓட்டிப் பார்த்தபோது, என்ஜின் சத்தம் படிப்படியாக இறங்கி, பால் குடித்த கன்று மாதிரி அடங்கியது. பதினேழு நாள் வேலை. எனக்குத் திருப்தி. சுவிட்ச் ஒன்று மட்டும் ஒரு டப்பா மூடியில் மிச்சம் கிடந்தது.

அதை என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை. ஷெட்டுக்கு டீ கொண்டு வந்தவள் டப்பா மூடியை எடுத்துப் பார்த்தாள். ஷெட்டுக்குக் கிழக்கே ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் கயிற்றுக் களம். தேங்காய் நாரில் கயிறு திரிக்கிற நாற்பது பெண்களில் அவளும் ஒருத்தி. எட்டு மணிக்குப் போக வேண்டும்.

"ஏனுங்க, இது மிச்சம் இருக்குதுங்க."

"இருக்கட்டும்."

"மாட்டறதுக்குத்தானுங்க குடுத்திருப்பாங்க?"

"ஓவர்டிரைவ ஓட விட்டுட்டு எவனாச்சும் ரிவர்ஸ் போடுவானா? உன் வேலையப் பாரு."

"கேக்கறது தப்புங்களா? நானும் இந்த வூட்டுல நாப்பத்தொரு வருசமா இருக்கறனுங்க."

"நீ இல்லாமயே இந்த வூடு நடக்கும்" என்றேன்.

அவள் டப்பா மூடியை வைத்துவிட்டுப் போனாள். இந்த மாதிரி வார்த்தைகள் எனக்குப் புதிதில்லை. காலையில் சொல்வேன், மத்தியானம் திரும்ப வாங்கிக்கொள்வேன். வாயால் அல்ல. ரசத்துக்கு மூன்றாம் முறை தட்டை நீட்டுவேன், நீட்டும்போது என் முகத்தில் எதுவோ கொஞ்சம் இறங்கும், அவள் அதைப் பார்ப்பாள், ஊற்றுவாள். அவ்வளவுதான். நாற்பத்தொரு வருஷம் அது போதுமானதாக இருந்தது.

ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். டாக்டர் வேட்டி கட்டி வந்தார். மாகாளியம்மன் கோயில் பூசாரி கருப்பணன் வண்டிக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி மூக்கு கிழக்கே சுவரைப் பார்த்து நின்றது. ரோட்டுக்கு வர ரிவர்ஸ்தான் எடுக்க வேண்டும். டாக்டர் சாவியைத் திருப்பிவிட்டு, கையை ஓவர்டிரைவ் சுவிட்சுக்குக் கொண்டு போனார்.

"இப்ப எதுக்கு? ரோட்டுல போயிப் போடுங்க" என்றேன்.

"மேஸ்திரி, புதுசா வந்த சாமான் அதுதான். நல்ல நேரத்துல அது ஓடணுமா, பழைய சாமான் ஓடணுமா? ரோட்டுக்குப் போறதுக்குள்ள பத்தே கால் ஆயிட்டா?"

பூசாரி தலையாட்டினார். என்னிடம் பதில் இருந்தது, ஆனால் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. டாக்டர் ஓவர்டிரைவைப் போட்டார். முந்தின நாள் ஜாக்கியில் ஓட்டியபோது ஏறிய எண்ணெய் அழுத்தம் உள்ளேயே இருந்தது, அது பிடித்துக்கொண்டது. பிறகு அவர் ரிவர்ஸ் போட்டு, கிளட்சை விட்டார்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. யாரோ நாக்கைக் கடித்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். வண்டி அரை அடி பின்னால் வந்து நின்றது. எலுமிச்சம்பழம் பாதி நசுங்கி, மீதிப் பாதி முழுசாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் நின்றது. நாள் முழுக்கக் கேட்கிற சத்தம், அதனாலேயே கேட்காத சத்தம். கயிறு திரிக்கிற பெண்கள் மடியில் நாரைக் கட்டிக்கொண்டு, சுழல்கிற ராட்டையிலிருந்து இழையை விட்டுக்கொண்டே பின்னால் பின்னால் நடப்பார்கள், அறுபது அடி தூரம், நாளெல்லாம். எண்பது கால்கள் மண்ணைத் தேய்க்கிற அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

அதே நிமிஷம் பஸ் ஸ்டாப்பில் பன்னிரண்டாம் நம்பர் டவுன் பஸ்ஸின் டிரைவர் காளியண்ணன் கியர் தண்டை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிக் கண்டக்டரிடம், "ரிவர்ஸ் விழல" என்றார். கண்டக்டர், "விழலீன்னா போட்டுத் தொலைங்க" என்று சொல்லி ஒரு அடி பின்னால் நகரப் பார்த்தார். கால் வரவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பலாம். திரும்பி முன்னால் நடக்கலாம். பக்கவாட்டில் நகரலாம். பின்னால் மட்டும் முடியாது. ஆளுக்கும் முடியாது, மாட்டுக்கும் முடியாது, வண்டிக்கும் முடியாது. வெளியூர் லாரி வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போனால் சரியாகிவிடும். ஊர்க்காரனுக்கு அந்த வசதியும் இல்லை, கோயமுத்தூருக்கே போனாலும் அப்படியேதான். ஏன் என்று கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. டாக்டர் வண்டி சிக்கிக்கொண்டது, ஊரும் சிக்கிக்கொண்டது, ஆக வேண்டியதைப் பார்ப்போம் என்றார்கள்.

பஸ் நிற்கிற இடத்தில் பின்னால் எடுக்க முடியாது என்பதால், காளியண்ணன் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்தார், நாலு நாளில் அங்கே வட்டமாக ஒரு ரோடு விழுந்தது, அந்த வட்டத்துக்குள் பூக்காரி ஒருத்தி கடை போட்டாள். முட்டுச் சந்துக்குள் போன எருமை வெளியே வர முடியாமல் இரண்டு நாள் அங்கேயே நின்று புல் தின்றது, மூன்றாம் நாள் சந்தின் கடைசிச் சுவரை இடித்து அதை விட்டார்கள், அதைப் பார்த்து மற்ற சந்துக்காரர்களும் இடித்தார்கள், தலைமுறை தலைமுறையாக அடைந்து கிடந்த ஏழு சந்துகளில் முதல் தடவையாகக் காற்று நுழைந்து அடுத்த பக்கமாக வெளியேறியது. பெண்கள் புள்ளிக் கோலம் வைக்கும்போது பின்னால் நகர்ந்துதான் வைப்பார்கள். இப்போது முன்னால் நகர வேண்டியிருந்ததால் வைத்த புள்ளியை மிதித்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் கோலத்துக்கு நடுவே வெள்ளைக் காலடிகள் விழுந்தன, ஆடி மாதம் நெருங்குவதற்குள் காலடி இல்லாத கோலம் ஊரில் மொட்டையாகத் தெரிந்தது. மாகாளியம்மனுக்கு யாரும் முதுகு காட்ட மாட்டார்கள், கும்பிட்டபடியே பின்னால் நகர்ந்துதான் வெளியே வருவார்கள். அது முடியாமல் போனதால் இரண்டு நாள் கோயிலுக்குள் போனவர்கள் வெளியே வராமல் ராத்திரி வரை நின்றார்கள், பூசாரி கருப்பணன் கொத்தனாரைக் கூப்பிட்டு தெற்குச் சுவரில் ஒரு வாசல் வைத்தார், பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து அம்மன் முகம் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே போக வசதியாக இருந்தது.

சொன்ன சொல்லும் பின்னால் போகவில்லை. அதுதான் கொஞ்ச நாள் கழித்துத் தெரிந்தது. சந்தையில் கத்தரிக்காய்க்காரி விலையைச் சொன்னால் சொன்னதுதான், அவளே நினைத்தாலும் இறங்கி வர முடியாது. பேரம் செத்தது. நிச்சயம் செய்த கல்யாணம் முறியவில்லை. வரப்புத் தகராறில் ஒருவன் "கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்றால் போய்த்தான் ஆக வேண்டும். அதனால் ஜனங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் யோசிக்க ஆரம்பித்தார்கள். ஊரில் பேச்சு குறைந்தது. டீக்கடையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்டது.

எனக்கு அதற்கு முன்பே தெரியும். முதல் நாள் மத்தியானமே தெரியும்.

சோறு போட்டாள். ரசத்துக்கு மூன்றாம் முறை தட்டை நீட்டினேன். அவள் கரண்டியோடு என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் எதுவும் இறங்கவில்லை. இறக்க முயன்றேன், தாடை வலித்தது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ரசத்தை ஊற்றினாள்.

வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். "காலைல நான் சொன்னது…"

"சொல்லுங்க."

"…சொன்னதுதான்."

நான் சொல்ல வந்தது அது இல்லை. மறுநாள், அதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லப் போனேன். "மனசுல வெச்சுக்க" என்று வந்தது. மூன்றாம் நாள் கையெழுத்தில் எழுதிக் காட்டலாம் என்று பென்சிலை எடுத்தேன். 'நீ இல்லாமயே' என்று எழுதியது, அதற்கு மேல் நானே கிழித்துப் போட்டேன். இழுக்க இழுக்க இறுகியது.

நாலாம் நாள் அவள் பாயைச் சுருட்டினாள்.

"எங்க?" என்றேன்.

"களத்துக் கிடங்குல படுத்துக்கறனுங்க. ஒரு சொல்லு இங்க நடுவூட்டுல நிக்குதுங்க. அது நிக்கற எடத்துல நான் எங்க நிக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

ஆடி ஒண்ணாம் தேதி அவள் அண்ணன் ஆனைமலையிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஆடிக்குப் புதுப் பெண்ணைத்தான் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். நாற்பத்தொரு வருஷம் கழித்து அழைக்க வருகிறார் என்றால், திருப்பி அனுப்ப வரவில்லை என்று அர்த்தம். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல். அதையும் அவள் திரும்ப வாங்க முடியாது.

நான் அதற்குள் வண்டியைச் சரி செய்ய வேண்டும். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. உள்ளே உருளைகள் பின்பக்கமாக இறுகிக் கிடந்தன. அவற்றை விடுவிக்கக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இறக்குவதற்கு முன்னால் அதை என்ஜினிலிருந்து நாலு அங்குலம் பின்னால் இழுக்க வேண்டும், அப்போதுதான் தண்டு கழன்று வரும். பின்னால் இழுக்க வேண்டும். எந்த ஊரில் இருந்துகொண்டு செய்கிறேன் என்பது போல்ட்டை எல்லாம் கழற்றிய பிறகுதான் உறைத்தது. ஜாக்கி வைத்தேன், சங்கிலி போட்டேன், கப்பி கட்டினேன், நாலு ஆளைக் கூட்டி வந்தேன். நாலு ஆளும் பின்னால் சாய முடியாமல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பொம்மை மாதிரி நின்றார்கள். போல்ட்டை மறுபடி முடுக்கினேன். மறுபடி கழற்றினேன். முப்பது நாள் அதே வேலை. டாக்டர் தினமும் வந்து பானெட் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போவார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் திண்டாடினார்கள். ராட்டைக்கு முதுகைக் காட்டி முன்னால் நடந்து திரித்துப் பார்த்தார்கள். கண்ணால் பார்க்காமல் விடுகிற இழை முடிச்சு முடிச்சாக வந்தது. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ என் வீட்டுக்காரியின் குரல் கேட்டது.

"நாம பின்னால போகாட்டி என்னுங்கடி? ராட்டை முன்னால போகட்டும். அதுக்கு மூஞ்சி அந்தப் பக்கந்தான இருக்குது?"

ராட்டைகளைத் தரையிலிருந்து பெயர்த்துச் சக்கரப் பலகையில் ஏற்றினார்கள். பெண்கள் நின்ற இடத்திலேயே நின்று இழை விட்டார்கள், ராட்டை அவர்களை விட்டு விலகி விலகிப் போனது, ஒருத்தி மாற்றி ஒருத்தி அதை இழுத்துப் போனார்கள். சக்கரம் கிறீச்சிட்டது. தப்பாக மாட்டியிருந்தார்கள். என்னிடம் கேட்டிருந்தால் அரை நாளில் சரி செய்து கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. நான் இல்லாமலே களம் நடந்தது. ஒரு நாள் முழுக்க அந்தக் கிறீச்சைக் கேட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன்.

ஆனி முடியும்போது ஊர்க் கூட்டம் போட்டார்கள். பஸ் ஓடுகிறது, கயிறு ஓடுகிறது, சந்தில் காற்று வருகிறது, கல்யாணம் நிற்பதில்லை, பொய் சொல்கிறவன் பொய்யிலேயே மாட்டிக்கொள்கிறான், இதை மாற்றுவானேன் என்று பேசினார்கள். அளந்து அளந்துதான் பேசினார்கள். யூனியன் ஆபீஸ்காரர் பாலத்தில் ஒரு போர்டே வைத்துவிட்டார்: ரிவர்ஸ் இல்லாத ஊர், ஓட்டுநர்கள் கவனிக்கவும். என்னை எழுப்பிக் கேட்டார்கள்.

"மேஸ்திரி, நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு வேணும்" என்றேன்.

"எதுக்குன்னு சொல்லுங்க."

உட்கார்ந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. களத்துப் பெண்கள் இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை.

ஆனி கடைசி நாள், சனிக்கிழமை காலை, தகரப் பெட்டியை எடுத்துப் போக அவள் வந்தாள். வீட்டுக்குள் போகிற வழி ஷெட் வழியாகத்தான். நான் வண்டிக்கு அடியில் குழியில் நின்றேன். கியர்பாக்ஸை எத்தனையாவது தடவையோ முடுக்கி முடித்திருந்தேன். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் கடந்து போனாள், நின்றாள், குனிந்து பார்த்தாள்.

"வரலீங்களா?"

"பின்னால வர மாட்டேங்குது."

"உள்ள என்ன ஆயிருக்குது?"

"உருளை இறுகிருச்சு."

"எந்தப் பக்கம் போகப் போயி இறுகுச்சு?"

"பின்னால போகப் போயி."

"அப்ப எதுக்குங்க அதையே மறுபடி பின்னால இழுக்கறீங்க?"

அவள் இடுப்பில் செருகியிருந்த ஒரு கயிற்றுத் துண்டை எடுத்து, முறுக்கு ஏறிச் சுருட்டிக்கொண்டு கிடந்த இடத்தைக் காட்டினாள்.

"இந்த மாதிரி சிடுக்கு வுழுந்துட்டா, பின்னால உரிச்சு எடுக்கப் பாத்தா நார் நாரா வந்துரும். அது எந்தப் பக்கம் நெகிழுமோ அந்தப் பக்கம் குடுத்து இழுக்கோணும்." இரண்டு விரலில் ஒரு திருப்பு திருப்பி இழுத்தாள். சிடுக்கு விட்டது. "வண்டிய முன்னால எடுங்க."

"முன்னால சுவரு."

"சுவருதானுங்களே."

ஒற்றைச் செங்கல் சுவர். நார்த்தூசி ஷெட்டுக்குள் வருகிறது என்று இருபத்தாறு வருஷத்துக்கு முன் நான் கட்டியது. அவளிடம் கேட்காமல் கட்டியது. அதை இடித்தால் வண்டி நேராகக் களத்துக்குள் போகும். முன்னால் சுற்றினால் உருளை நெகிழும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. முப்பது வருஷமாகத் தெரியும். சுவர் இருப்பதால் அந்தப் பக்கம் ஒரு வழி உண்டு என்பதையே நான் கணக்கில் எடுக்கவில்லை.

டாக்டர் எழுந்தார். "இன்னிக்குச் சனிக்கிழமை. கிழக்கே சூலம். மொத மொதல்ல சூலத்துக்கு நேரா போறதா?"

"சூலம் வண்டிக்குங்களா, உங்களுக்குங்களா?" என்றாள் அவள்.

டாக்டர் யோசித்தார். "எனக்குத்தான் இருக்கணும்."

"அப்ப நீங்க ஏற வேண்டாமுங்க. இவரு எடுக்கட்டும்."

பெட்டியை வைத்துவிட்டு அவள் ரோட்டுப் பக்கமாகப் போய்க் களத்தைச் சுற்றிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் வந்தாள். அவள் குரல் கேட்டது. "நாரையெல்லாம் ஒதுக்குங்க புள்ளைங்களா. ராட்டைய அந்தப் பக்கம் இழுங்க. வண்டி வருது." யாரோ, "எந்த வழியா வருதுக்கா?" என்றார்கள். "வழி இல்லாத வழியா" என்றாள். நான் கடப்பாரையால் சுவரில் நாலு இடத்தில் போட்டு அதை லேசாக்கினேன். செங்கல் இரண்டு விழுந்தது. அந்த ஓட்டை வழியாக அவள் புடவை நிறம் தெரிந்தது.

ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட் செய்தேன். முதல் கியர் போட்டேன்.

"வாங்க" என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து.

கிளட்சை விட்டேன். வண்டி முனகியது. நகரவில்லை. டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

"வாங்க, வாங்க."

லாரிக்கு வழி காட்டுகிறவர்கள் சொல்கிற மாதிரியே சொன்னாள், அவசரம் இல்லாமல், விட்டு விட்டு, இன்னும் இடம் இருக்கிறது என்பது போல. நான் மிதித்தேன். வண்டி மூக்கு சுவரைத் தொட்டது.

"சுவரப் பாக்காதீங்க. இன்னும் முன்னால வாங்க."

சுவர் விழுந்தது. இருபத்தாறு வருஷத்து நார்த்தூசி மொத்தமும் ஷெட்டுக்குள் வந்தது. கண் தெரியவில்லை. காலடியில், நான் கட்டிய மேட்டுக்குக் கீழே, ஒரு சத்தம் கேட்டது. யாரோ கடித்துக்கொண்டிருந்த நாக்கை விட்ட மாதிரி. என்ஜின் சத்தம் கீழே இறங்கி, இன்னும் கீழே இறங்கி அடங்கியது. வண்டி களத்தின் நடுவே, அறுபது அடி நடைபாதையில், தண்ணீர் மேல் போவது போலப் போனது. இரண்டு பக்கமும் நின்ற நாற்பது பெண்களும் அதற்கு வழி விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

நகர்ந்தது அவர்களுக்கே தெரியவில்லை. முதலில் ஒருத்தி குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொரு அடி பின்னால் வைத்துப் பார்த்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் வண்டியை நிறுத்தி இறங்கினேன். என் வீட்டுக்காரி களத்தின் கடைசியில் தூசிக்குள் நின்றாள். அவளிடம் போனேன். இப்போது அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கலாம். தாடை நெகிழ்ந்துவிட்டது, தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"வேண்டாமுங்க" என்றாள். "பின்னால எடுக்காதீங்க. ஒண்ணரை மாசம் அதையே பாத்துட்டு இருந்துட்டனுங்க, அது அங்கயே இருக்கட்டும். அதுக்கு மேல ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க."

நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் இடிந்த சுவருக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பேசத் தெரியாது. எப்போதுமே தெரியாது.

"நீ இல்லாம வூடு நடந்துச்சு புள்ள" என்றேன். "நொண்டிக்கிட்டு நடந்துச்சு."

அவள் அதை நிறுத்துப் பார்த்தாள். தலையில் இருந்த நாரைத் தட்டினாள்.

"பொட்டி கனமுங்க" என்றாள். "உள்ள கொண்டு போயி வெச்சிருங்க. அண்ணன் வந்தா சாப்பிட்டுப் போகட்டும்."

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. காளியண்ணன் பஸ்ஸை நிறுத்தி, என்ஜினை மட்டும் ஓட விட்டபடியே இறங்கி, களத்துக்குள் ஓடி வந்தார், பின்னால் கண்டக்டர், அவர் பின்னால் பூக்காரி, பூசாரி, எருமைக்காரன், பாதி ஊர். காளியண்ணனுக்கு மூச்சு வாங்கியது. இடிந்த சுவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"ரிவர்ஸ் விழுந்துருச்சுங்க. தொட்ட ஒடனே விழுந்துருச்சு. நீங்களா மேஸ்திரி?"

"நான் இல்ல."

"அப்ப டாக்டருங்களா?"

"எனக்கு இன்னிக்குச் சூலம்பா" என்றார் டாக்டர்.

"அப்புறம் யாருங்க சரி பண்ணுனது?"

பஸ் என்ஜின் ரோட்டில் இரைந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று என் வீட்டுக்காரியின் பெயரைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"பாவாத்தாள்."